ஏலத்தில் போன ஆறு தொட்டி பாலக்

ரிச்சர்ட்ஸ் டவுன்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த சரளா அக்காவுக்கு, தம்பி ஓஸ்வால்ட் எழுதிக்கொள்வது.

தேவ கிருபையால் இங்கே நானும் மகள் கேரலும் சுகம்; சந்தாபுராவில் நீங்களும் அத்தானும் அவ்விதமே இருக்க ஜெபிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதினோரு முறை போன் செய்தேன். முதல் தடவை குளித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். பதினோரு தடவை யாரும் குளிப்பதில்லை. ஆகவே, உங்கள் ஊரிலிருந்து தினமும் சவாரிக்கு வரும் ஆட்டோ தினேஷ் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

அறுப்பின் பண்டிகையில் சபைக்கு வந்த காணிக்கைகளை ஏலம் விட்டபோது நீங்கள் எடுத்துப்போன ஆறு தொட்டி பாலக் கீரையைத் தயவுசெய்து சமைக்க வேண்டாம். அது கேரலின் முனைவர் பட்டம். அவள் ஆராய்ச்சி நிலையத்தில் செடி வளர்க்கும் பெட்டி ரிப்பேர் என்று, ஆறு வாரமாக நம் ஸ்டோர் ரூமில் மங்கலான விளக்கு போட்டு வளர்த்தாள். ஞாயிறு காலை பார்த்தால் தொட்டிகள் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தன. பண்டிகைக் காணிக்கையைத் துணி மூடிக் கொண்டுபோவதுதானே நம் வீட்டு வழக்கம், பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா என்று நெகிழ்ந்துபோய் நானே ஆலயத்துக்குச் சுமந்துகொண்டு போய் ஆல்டர் முன்னால் வைத்தேன். ஏலம் ஆரம்பித்த பிறகுதான் கேரல் வந்தாள், பார்த்தாள், வெளிறிப்போனாள். "டாடி, அது என் சாம்பிள். எப்படியாவது நீங்களே எடுங்க" என்றாள். நான் கையைத் தூக்கினேன், நீங்களும் தூக்கினீர்கள், நான் ஏற்ற நீங்கள் ஏற்ற, நம் தாராளத்தைப் பார்த்து பாஸ்டர் கண்கலங்க, கடைசியில் "கீரையில கூட எனக்குப் போட்டியாடா?" என்று சபை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுத் தொட்டிகளோடு கிளம்பினீர்கள்.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இலைக்குள் பொடிப்பொடியாகப் பச்சைப் பைகளாம், அவற்றுக்குள் தோசை அடுக்கிய மாதிரி சவ்வுகளாம், சவ்வில் ஆங்காங்கே ஒரு மையமும் அதைச் சுற்றி வெளிச்சம் பிடிக்கும் புரதங்களும் உட்கார்ந்திருக்குமாம். பிடித்ததை ஒன்றுக்கொன்று கைமாற்றி மையத்தில் சேர்க்குமாம். "காணிக்கைப் பை வரிசையில் போற மாதிரியா?" என்றேன். "அப்படித்தான் டாடி, ஆனா இங்க பை வரும்போது யாரும் கண்ணை மூடி ஜெபம் பண்றதில்ல" என்றாள். மங்கலில் வளர்ந்த இலையில் அந்தப் புரதக் கூட்டம் பெரிதாம். நாட்கணக்கில் வெயில் பட்டால் குறைந்துவிடுமாம். வெளிச்சம் மாறினால் சில புரதங்கள் அடுக்கை விட்டு எழுந்து வேறொரு மையத்தின் பக்கத்தில் போய் உட்காருமாம். போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் எங்கள் பெஞ்சிலிருந்து எழுந்து பாஸ்டரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்ததை நான் சொல்லிக்காட்டவில்லை.

யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று படம் எடுக்கத்தான் இத்தனை பாடு. பெரிய மைக்ராஸ்கோப் வியாழக்கிழமை ஒருநாள்தான் அவளுக்கு. தவறினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, எனக்கு மனசு கேட்கவில்லை. ஆகவே தொட்டிகளை மொட்டை மாடி வெயிலில் வைக்காமல், மாடிப்படிக்குக் கீழே அரிசி மூட்டை வைக்கும் அறையில், பாவமே என்று கதவைத் திறந்து பார்க்காமல் வைத்திருங்கள். புதன் மாலை கேரல் வந்து எடுத்துக்கொள்வாள்.

அத்தானின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்லவும். கர்த்தர் உங்கள் வீட்டையும், முக்கியமாக அந்த இருட்டறையையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் கூடப்பிறந்தவன்,
ஓஸ்வால்ட்

பி.கு.: உறையை ஒட்டும்போது தினேஷ் வந்தான், கையில் உங்கள் டிபன் கேரியர். "தம்பி வீம்புக்காரன், ஆனா கீரைன்னா உசுரு, ஆறிப்போறதுக்குள்ள குடுன்னு அக்கா சொன்னாங்க சார்" என்றான். நாலு அடுக்கிலும் கீரை மசியல். ஆறு தொட்டியும் அதில்தான் இருக்கிறது என்று கேரல் பார்த்தவுடனே சொல்லிவிட்டாள். பிறகு தட்டை எடுத்துவந்து இரண்டு முறை போட்டுக்கொண்டாள். வியாழக்கிழமையை வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்துவிட்டு, இப்போது ஸ்டோர் ரூமில் விதை ஊன்றுகிறாள். இவ்வளவு நீளமாக எழுதியதில் மன்னிப்பு என்ற வார்த்தையே இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். மன்னித்துவிடுங்கள் அக்கா. மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம்.