சாக மறுத்த பைனாகுலர்

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் அந்த பைனாகுலர் செத்தாக வேண்டும் என்று நூலகர் தீர்மானம் பண்ணிவிட்டார்.

மனுஷன் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. வீட்டுக்குள் வந்த பல்லியைக்கூட "போம்மா, வெளிய போ" என்று மரியாதையாக அனுப்பிவைக்கிறவர். பதினாலு வருஷமாக அதே பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரி ஏரியாகப் பறவை பார்த்தவர். ஆனால் போன மாதம் நடந்ததை மட்டும் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. பறவை பார்க்கும் கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நிற்கிறது. மூன்று வருஷமாகக் கண்ணாமூச்சி காட்டிய கானாங்கோழி ஒன்று நாணலை விட்டு மெல்லத் தலையை நீட்டுகிறது. நூலகர் பைனாகுலரைத் தூக்குகிறார். நடுவிலிருக்கும் கீல் லொடலொடத்துப் போயிருந்ததால் இரண்டு குழலும் சடாரென்று மடங்கி அவர் மூக்கைக் கவ்விக்கொண்டன.

"ஐயோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் கானாங்கோழி போயே போச்சு. கூட்டத்திலிருந்த பதினொரு பேரும் பைனாகுலரை இறக்கிவிட்டு அவர் மூக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த அவமானம் ஒரு மாதமாக அவரைத் தூங்க விடவில்லை.

மறுநாளே புதுசு ஒன்று வாங்கிவிட்டார். வாங்குவது பெரிய விஷயமே இல்லை. வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் பிரம்மப் பிரயத்தனம். அவர் மனைவி அந்த வீட்டில் போட்டுவைத்திருந்த சட்டம் அப்படி. ஒருத்தருடைய பழைய சாமான் உபயோகத்தில் இருக்கிறவரைக்கும் அவருக்குப் புதுசு கிடையாது. செருப்பானாலும் சரி, குடையானாலும் சரி. அதனால் புது பைனாகுலர் எதிர்க் கட்டடத்து மூன்றாவது மாடியில், பல் டாக்டர் வீட்டு அலமாரியில் அஞ்ஞாதவாசம் இருந்தது. டாக்டரும் அதே பறவைக் கூட்டம்தான். "பெட்டியைத் திறக்கவே மாட்டேன், சத்தியம்" என்று சொல்லித்தான் வாங்கி வைத்திருந்தார்.

விடிந்தால் ஞாயிறு, ஏரியில் பறவைக் கணக்கெடுப்பு. பழைய பைனாகுலரோடு போய் நின்றால் இன்னொரு தரம் மானம் போகும். புதுசோடு போக வேண்டுமென்றால் பழசு இன்றைக்கே கண்ணை மூட வேண்டும். அது செத்துவிட்டது என்று மனைவி வாயால் சொல்லவும் வேண்டும்.

அதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. அம்மாளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் உத்தியோகம். பதினெட்டு வருஷமாக ஃபிரேம் ரிப்பேர் பார்க்கிறவள். மாலையில் கூட்டி வரப் போகும்போதெல்லாம் அவள் வாடிக்கையாளர்களிடம் சொல்வதை அவரே காதால் கேட்டிருக்கிறார். "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது சார். புதுசு போட்டுக்கோங்க." அந்த ஒரு வாக்கியம் போதும் அவருக்கு.

அவள் காலையில் கடைக்குக் கிளம்பியதும் பழைய பைனாகுலரோடு குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்த கீலை இன்னும் தளர்த்தினார். கண்ணை வைக்கிற ரப்பர் வளையங்களைப் பிடுங்கினார். மேலுறையைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே ஒளிந்திருந்த பொடி ஸ்க்ரூக்களையும் ஆசை தீரத் திருகினார். பிறகு அதைக் கண்ணில் வைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். மதில்மேல் ஒரே ஒரு காக்கா இரண்டாக உட்கார்ந்திருந்தது. அவருக்குப் பரம திருப்தி.

மனைவி அரை நாள் வேலை முடிந்து வந்தபோது நூலகர் கூடத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"போயிடுச்சும்மா."

அவள் கைப்பையைக் கீழே போட்டாள். "யாரு?"

"பைனாகுலர்."

"அட கடவுளே! உங்க பெரியப்பாதானோன்னு ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன். கொடுங்க இப்படி."

வாங்கி, காதுப் பக்கம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். லொடலொடவென்றது. நூலகர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இதோ சொல்லப்போகிறாள், இதோ. அவளோ மேஜைமேல் வெள்ளைத் துண்டை விரித்து, கைப்பையிலிருந்து பொடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"எதுக்கும்மா சிரமம்? காலையிலேர்ந்து நின்னுட்டு வந்திருக்க."

"ரெண்டு நிமிஷ வேலைங்க."

"இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கடையில நீயே சொல்லுவியே!"

"அது கடைக்கு வர்றவங்களுக்கு. இது நம்ம வீட்டு சாமான்."

அவள் கீலின் நுனியிலிருந்த வட்ட மூடியை நகத்தால் நெம்பி எடுத்து, அடியிலிருந்த ஸ்க்ரூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுமேல எல்லாம் புதுக் கீறலா இருக்கே?"

"பழசாயிடுச்சுல்ல."

"பழசானா துருப்பிடிக்கும். பளபளன்னு ஆகுமா? இங்க பாருங்க, உறைக்குள்ள இருக்கற ஸ்க்ரூகூட கழண்டிருக்கு."

"பஸ்ஸுல போற குலுக்கல்ல..."

"ஏரிக்கு நீங்க நடந்துதானே போறீங்க?"

அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். தாகம் இல்லை. திரும்பி வருவதற்குள் கீல் இறுகிவிட்டது. ரப்பர் வளையங்களைத் துடைத்து, அடியில் மெல்லிசாக டேப் சுற்றி, கச்சிதமாக உட்கார வைத்துவிட்டாள். பாக்கியிருந்தது அந்த இரட்டைப் பார்வைதான். அதற்கு அவரைக் கூப்பிட்டுப் பால்கனி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"எதிர் மாடில தண்ணித் தொட்டி தெரியுதா? ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டும்மா."

ஒரு ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினாள். "இப்ப?"

"ரெண்டு." உண்மையில் இரண்டும் நெருங்கி வந்துவிட்டன. பாவி மகள் கையில் என்ன மாயமோ என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

இன்னொரு மயிரிழை. "இப்ப?"

தொட்டி கல்லில் வெட்டின மாதிரி ஒன்றாக நின்றது. பதட்டத்தில் நூலகர், "மூணு!" என்றார்.

"மூணா?"

"மூணு மாதிரிதான்... இருக்கு."

கண் பரிசோதனையில் பொய் சொல்கிறவர்கள் எத்தனை பேரை அவள் பார்த்திருப்பாள்! பைனாகுலரை வாங்கித் தன் கண்ணிலேயே வைத்துக்கொண்டாள். தொட்டியைப் பார்த்தாள். தொட்டியிலிருந்து கீழே இறங்கினாள். மூன்றாவது மாடிக்கு வந்ததும் பைனாகுலர் நின்றுவிட்டது.

"நம்ம பல் டாக்டர் புதுசு வாங்கியிருக்கார்போல. பால்கனில நின்னு பாத்துட்டிருக்கார்."

நூலகர் நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அப்படியா! நல்ல மனுஷன். நல்ல மனுஷன்."

"ரொம்ப நல்ல மனுஷன். கழுத்துப் பட்டைல வெள்ளை லேபிள் ஒட்டி, சிவப்பு மையில நம்பர்கூட எழுதியிருக்காரே."

செத்தார் நூலகர். பாழாய்ப்போன கைப்பழக்கம்! எது வாங்கினாலும் லேபிள் ஒட்டி நம்பர் போட்டால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். அந்த வீட்டில் டார்ச்சுக்கு நம்பர் உண்டு. குடைக்கு உண்டு. சுத்தியலுக்குக்கூட உண்டு. டாக்டரிடம் ஒப்படைப்பதற்கு முந்தின நிமிஷம்தான் அதற்கும் ஒட்டியிருந்தார்.

"டாக்டர் இப்ப நம்மளத்தான் பாக்கறார்" என்று அவள் நிதானமாகச் சொன்னாள். "அடடா, உள்ள ஓடிட்டார்."

ஃபோன்கூடப் பண்ணவில்லை அவள். ஐந்தாவது நிமிஷம் டாக்டரே பெட்டியும் கையுமாக வாசலில் நின்றார்.

"நான் ஒரு வார்த்தை சொல்லலைங்கம்மா. கம்பிமேல ஒரு குருவி வந்துச்சு, அதான் லேசா..."

"நீங்க எங்க டாக்டர் சொன்னீங்க? காட்டித்தானே கொடுத்தீங்க. உக்காருங்க, காப்பி சாப்பிட்டுப் போகலாம்."

டாக்டர் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு நூலகர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "மூக்கைக் கவ்விடுச்சும்மா. அத்தனை பேரும் சிரிச்சாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அவள் முகம் இளகியது. "அதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன? நானே இறுக்கிக் கொடுத்திருப்பேன். இப்பத்தான் சரியாயிடுச்சே, இனிமே ஒரு பய சிரிக்க மாட்டான்."

"அப்போ புதுசு?"

"உங்க பழசுதான் நல்லா இருக்கே. சட்டப்படி உங்களுக்குப் புதுசு வராது." பெட்டியைத் திறந்து பட்டையைத் தன் கழுத்து அளவுக்குச் சரிபண்ணினாள். "எனக்குத்தான் இதுவரைக்கும் ஒண்ணுமே இல்ல. நாளைக்கு நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் பதிமூன்று பேர் நின்றார்கள். நூலகரின் பழைய பைனாகுலர் மூக்கைக் கவ்வவில்லை. கீல் ஆணி அடித்த மாதிரி நின்றது. அவரும் நாணல் நாணலாகத் துழாவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பக்கத்தில் மனைவியின் குரல் கிசுகிசுத்தது.

"ஏங்க, சிவப்பு மூக்கோட கோழி மாதிரி ஒண்ணு வருதே, அது என்ன?"

கூட்டமே அவள் பக்கம் சாய்ந்தது. கானாங்கோழி! அது சாவகாசமாக நாணலை விட்டு வெளியே வந்து, சேற்றில் நடந்து, மறுபடி நாணலின் நிழலுக்குள் போய் நின்றது. கணக்கு எழுதுகிற பெரியவர் முதலில் பார்த்தவர் என்ற இடத்தில் அவளைப் போட்டார். நூலகர் பழைய பைனாகுலரை எப்படி எப்படியோ திருகிப் பார்த்தார். பதினாலு வருஷத்து மங்கல் லென்ஸில் அந்த நிழலுக்குள் அவருக்கு வால்கூடத் தட்டுப்படவில்லை.

"ஒரே ஒரு தடவை கொடும்மா. பாத்துட்டு உடனே தந்துடறேன்."

அவள் கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"வரிசையில நில்லுங்க. டாக்டர் முதல்ல கேட்டிருக்கார்."