மத்தியதரக் கடல்

மலையை ஓரிடத்திலும் கடலை வேறிடத்திலும் வைத்தது படைப்புத் தொழிலில் நேர்ந்த மாபெரும் நிர்வாகக் கோளாறு. யுகயுகமாக யாரும் கண்டுகொள்ளாத அந்தக் கோளாறை நம் காலத்தில், நம் கண்ணெதிரிலேயே திருத்திக் காட்டிய மேதை ஒருவர் உண்டு. அவர்தான் அட்மிரல் குமாரவேல். கப்பற்படைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முன்பு ஒட்டன்சத்திரம் பக்கம் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். பூமிக்கு அடியில் தண்ணீர் தீர்ந்ததும் மலைக்கு மேலே வந்தார்.

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை நடத்தும் சிவமுருகனாகிய நான், என் மனைவி சண்முகசுந்தரியுடன் அவருடைய 'நீலத்தீவு பீச் ரிசார்ட்'டில் தங்கியவன். ஆகவே நான் சொல்லப்போவது கேள்விப்பட்டதல்ல, நனைந்தது.

சுந்தரிக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஆசை. ஏதாவது ஒரு தீவில், கடற்கரையை ஒட்டிய ஓட்டலில் தங்க வேண்டும். வெள்ளனே எழுந்து கதவைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும். எங்கள் தெருவில் அந்தமான் போய்வராத குடும்பம் எங்களுடையது மட்டும்தான். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கடலைக் கைப்பேசியில் காட்டுவார்கள். "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று பார்த்துவிட்டு வந்து சுந்தரி அன்றைக்குப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள். நான் என்ன செய்ய? தைப்பூசம் முடிந்தால் பங்குனி உத்திரம், அது முடிந்தால் அக்னி நட்சத்திரம். பழனியில் கடையை மூட நல்ல நாளே வருவதில்லை.

அந்த நேரத்தில்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. 'விமானம் வேண்டாம், கப்பல் வேண்டாம், வெயில்கூட வேண்டாம்! தீவுக் கடற்கரை இப்போது கொடைக்கானலில்! மத்தியதரக் குடும்பங்களுக்கேற்ற மத்தியதர ஓட்டல்!'

மத்தியதரைக் கடல் என்று ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அது எங்கோ வெகுதொலைவில் கிடக்கிறது. இந்த மத்தியதரக் கடலோ பழனியிலிருந்து ஒரே பஸ். அன்றே நாலு நாளைக்குப் பதிவு செய்துவிட்டேன்.

"தீவுக்குப் போறோம்" என்றேன்.

சுந்தரி என்னை நம்பாமல் பார்த்தாள். பிறகு நம்பினாள். மெல்லிய பருத்திப் புடவைகளாக எடுத்து மடித்து வைத்தாள்.

"ரெண்டு ஸ்வெட்டரும் எடுத்துக்க."

"தீவுக்கு எதுக்குங்க ஸ்வெட்டர்?"

"கடல் காத்து" என்றேன்.

பஸ் மலையேறத் தொடங்கியதுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் பெருந்தன்மையோடு எலுமிச்சம்பழத்தை மட்டும் முகர்ந்துகொண்டு வந்தாள்.

கொடைக்கானலுக்கு முன்பே பிரியும் ஒரு கிளைச்சாலையில் நீலத்தீவு இருந்தது. மூடுபனிக்குள் ஒருவர் வெள்ளைத் தொப்பியும் பூப்போட்ட சட்டையும் போட்டுக்கொண்டு நின்றார். சட்டைக்குள்ளே கம்பளி உள்பனியன் தெரிந்தது. எங்கள் கழுத்தில் சிப்பி மாலை போட்டு, "வெல்கம் டு த ஐலண்ட். நான் எம்.டி. குமாரவேல். இங்க எல்லாரும் அட்மிரல்னு கூப்பிடுவாங்க" என்றார். பழனிச் சந்தையிலிருந்து மலையேறி வந்த இளநீரும், அது தொண்டையில் இறங்குவதற்காக ஒரு டம்ளர் வெந்நீரும் கொடுத்தார்.

"தீவு எங்கங்க?" என்றாள் சுந்தரி.

"நாலு பக்கமும் நீர் சூழ்ந்திருந்தா தீவுதானே மேடம்? சுத்திப் பாருங்க, எல்லாம் மூடுபனி. மூடுபனியும் நீர்தானே?"

இந்த விளக்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

பிறகு கடலைக் காட்டினார். சிமென்ட்டில் கட்டி, உள்ளே நீலம் பூசிய கடல். ஒரு முனையில் மோட்டார் அலையை உண்டாக்கியது. கரை முழுவதும் கட்டடத்துக்குப் போடும் எம்-சாண்ட். பிளாஸ்டிக் தென்னைமரங்களில் ஒலிபெருக்கிகள் அலையோசை எழுப்பின. நடுநடுவே ஒரே பறவை ஒரே மாதிரி கத்தியது. உயிர்காக்கும் படைவீரர் ஒருவர் அரைக்கால் சட்டையும் குரங்குக் குல்லாவுமாக நடுங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போனது. அலை நின்றது. பறவையும் நின்றது.

"கடல் உள்வாங்கியிருக்கு. வெரசா வந்துரும்" என்றார் அட்மிரல்.

சுந்தரி குனிந்து விளிம்புச் சிமென்ட்டைத் தட்டிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, இது தொட்டி."

"அலை அடிக்காதவரைக்கும்தான் சுந்தரி தொட்டி" என்றேன்.

அவள் திரும்பி அறைப்பக்கம் நடந்தாள். வீட்டிலாக இருந்தால் பாத்திரம் கழுவப் போயிருப்பாள்.

'கடல் பார்த்த அறை' எங்களுக்குக் கிடைத்தது. சாயங்காலம் அறையைச் சுத்தம் செய்ய ஆக்ஸிலியா என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கதவருகே தயங்கி நின்றாள். கையில் இரண்டு காலிக் கேன்கள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க பாத்ரூம் பைப்புல ரெண்டு கேன் புடிச்சுக்கட்டுமா?"

"புடிச்சுக்கம்மா. எதுக்குத் தண்ணி?"

"குடிக்கத்தான். நாங்க கீழ ஊத்துப்பாறையில இருக்கோம். பேருதான் அது. ஊத்து இப்ப இங்கல்ல கெடக்கு. மேல பாறையில இருந்து எங்க ஊருக்கு வந்துக்கிட்டிருந்த தண்ணியை சார் குழா போட்டுத் திருப்பிட்டாரு. அதான் அக்கா இந்தக் கடல்."

சுந்தரி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். மோட்டார் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

"ஊருல யாரும் கேக்கலையா?"

"கேட்டோம். ஆளுக்கொரு பீச் டவல் குடுத்தாரு."

எனக்கோ வியப்பு தாங்கவில்லை. ஓர் ஊரின் தாகத்தை ஓர் ஓட்டலின் பொழுதுபோக்காக மாற்றுவது சாதாரணத் தொழில் மூளைக்கு எட்டுகிற காரியமா? இதை வாய்விட்டுச் சொன்னேன். சுந்தரி என்னைப் பார்த்த பார்வையில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகையில் ஆக்ஸிலியா வாசலில் பிடிபட்டாள். அட்மிரல் தம் கையாலேயே இரண்டு கேன்களையும் எம்-சாண்டில் கவிழ்த்தார்.

"ரூமுக்குள்ள கெஸ்ட் எவ்வளவு தண்ணி வேணா செலவு பண்ணலாம். கேட்டைத் தாண்டிப் போனா அது கடல் கடத்தல். நாளையில இருந்து நீ வேலைக்கு வராத."

"நாங்கதாங்க புடிச்சுக்கச் சொன்னோம்" என்றாள் சுந்தரி. "கால் கழுவுற தண்ணியைக் குடிக்கக் குடுக்கக் கூடாதா?"

"மேடம், நீங்க ரிலாக்ஸ் பண்ண வந்திருக்கீங்க. ரிலாக்ஸ் பண்ணுங்க."

சுந்தரி செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆக்ஸிலியாவோடு ஊத்துப்பாறைக்கு இறங்கிப்போனவள் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வந்தாள். புடவை முழுக்கச் சேறு. தட்டில் வறுத்த மீன் இருந்தது. தொடவில்லை.

"அங்க ஒரு குழியைத் தோண்டி வச்சிருக்காங்க. ஆளுக்கு ஆள் காத்துக்கெடந்து கொட்டாங்குச்சியால மோந்து ஊத்துறாங்க. சோலிக்குப் போற பொம்பளைங்க பாதி நாளை அங்கயே கழிக்கிறாங்க" என்றாள். "நாளைக்கு இங்க வராங்க."

"யாரு?"

"கடல் பாக்க."

வந்தார்கள். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் ஊத்துப்பாறைப் பெண்கள் குடங்களோடு வரிசையாகக் கேட்டுக்குள் நுழைந்தார்கள். ஆக்ஸிலியா முன்னால் வந்தாள். காவலாளி அந்த ஊர்க்காரர். அந்த நேரம் பார்த்து அவருக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது. பெண்கள் நேராகக் கடலுக்குள் இறங்கி மொள்ளத் தொடங்கினார்கள்.

இன்னொருவராக இருந்தால் போலீசைக் கூப்பிட்டு ஓட்டல் பெயரைக் கெடுத்துக்கொண்டிருப்பார். அட்மிரல் ஒலிபெருக்கியைத்தான் எடுத்தார். "அன்பான விருந்தினர்களே! இன்றைய சிறப்பு நிகழ்ச்சி, தீவுவாழ் மீனவப் பெண்களின் குட நடனம்!"

விருந்தினர்கள் போர்வையோடு ஓடிவந்தார்கள். கைதட்டினார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் படம் பிடித்தபடி, "கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே மோந்தீங்கன்னா நல்லாருக்கும்" என்று ஆக்ஸிலியாவிடம் கேட்டுக்கொண்டார். நிகழ்ச்சியின் இடையே ஒரு 'மீனவப் பெண்' எங்கள் அறையின் பிளாஸ்டிக் வாளியோடு கடலில் இறங்கியதைக் கண்டேன். அவள் பழனியைச் சேர்ந்தவள். என் மனைவி.

குடங்கள் கீழே போய்ப் போய்த் திரும்பின. கடல் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு வந்தது. அடியிலிருந்த குழாய் தெரிந்தது. அப்போதுதான் அட்மிரல் கைப்பேசியில் யாரையோ அழைத்தார்.

பிற்பகலில் ஓர் அதிகாரி வந்தார். எந்த அலுவலகம் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கத் துணியவில்லை. பிளாஸ்டிக் தென்னைமர நிழலில் உட்கார்ந்து, மீன் வறுவலை ஆய்வு செய்தபடி பெண்களின் புகாரைக் கேட்டார்.

"குடிதண்ணியை மறிச்சிருந்தா கண்டிப்பா நடவடிக்கை உண்டும்மா. அதுல மாத்துக் கருத்தே இல்ல."

"மறிச்சுத்தாங்க வச்சிருக்காரு" என்றாள் ஆக்ஸிலியா. "எங்க ஊத்துங்க அது."

"ஊத்து எங்க இருந்துச்சுங்கிறது பழைய கதை. தண்ணி இப்ப எங்க இருக்கு, என்ன நெலமையில இருக்கு, அதைத்தான் சட்டம் பாக்கும். இது குடிதண்ணிதானான்னு நாளைக்கு வந்து சோதிக்கிறேன்." எழுந்தவர் அட்மிரலைப் பார்த்து மறுபடி அழுத்திச் சொன்னார்: "நாளைக்கு."

மேதைகளுக்கு ஒரு சொல் போதும். தேநீர் நேரத்துக்கெல்லாம் உப்பு மூட்டைகளோடு லாரி வந்து நின்றது.

'கடல் நிறைவு விழா' என்று ஒலிபெருக்கி அறிவித்தது. ஊற்றுக்குழாயைத் திறந்து கடலை மறுபடி நிரப்பியிருந்தார்கள். குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பொட்டலம் உப்பு. முதல் மூட்டையைத் திறந்துவைக்கும் பெருமை, 'பழனி வணிகர் சங்கத் துணைத்தலைவர்' என்ற முறையில் எனக்கு. கத்தரிக்கோலைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். வாழ்நாளில் நான் கத்தரித்ததெல்லாம் பஞ்சாமிர்தப் பைகள்தான். பெருமிதத்தோடு வாங்கிக்கொண்டு, படம் பிடிக்கச் சுந்தரியைத் தேடினேன்.

சுந்தரி கடலுக்குள் நின்றாள். ஆக்ஸிலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றப் பெண்களோடு முழங்கால் தண்ணீரில். குளிரில் உதடு நீலமாக இருந்தது.

"வெட்டுங்க" என்றாள். "வெட்டி மொத மூட்டையை என் தலையில கொட்டுங்க. ஆசைப்பட்டவ நாந்தான? எனக்குக் கடல் காட்டத்தான கூட்டியாந்தீங்க?"

ஒலிபெருக்கியில் பறவை கத்தியது. நான் மூட்டையைப் பார்த்தேன். கத்தரிக்கோலைப் பார்த்தேன்.

"இது மொக்கையா இருக்கு, சாணை புடிக்கணும்" என்று சொல்லித் தாம்பாளத்தில் வைத்துவிட்டேன்.

நான் வெட்டாததால் விழா நின்றுவிடவில்லை. அட்மிரல் தம் கையாலேயே கிழித்தார். மூட்டைகள் பெண்களைச் சுற்றிச் சரிந்தன. குழந்தைகள் 'ஹேய்' என்று கத்தியபடி பொட்டலங்களைக் கொட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். அவர்கள் பாதங்களெல்லாம் வெடித்துக் கிடந்தன, உப்பு ஏறியிருந்தது. ஆக்ஸிலியாதான் கடைசியாகக் கரையேறினாள். சுந்தரி அறைக்கு வந்ததும் அவளை உட்காரவைத்து, என்னைப் பக்கெட்டில் நல்ல தண்ணீர் பிடித்துவரச் சொன்னாள். பிடித்துவந்தேன்.

மறுநாள் அதிகாரி வந்தார். விரலைக் கடலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"சந்தேகமே இல்ல. கடல். கடல்தண்ணி குடிக்க லாயக்கில்ல. அதனால, இங்க குடிதண்ணி எதையும் யாரும் மறிக்கல."

அன்றே நாங்கள் பழனிக்கு இறங்கினோம். வழிநெடுகச் சுந்தரி பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தாள்.

கடல் என்றால் வழிய வேண்டும் அல்லவா? நிரம்பி வழிந்த உப்புத்தண்ணீர் சரிவில் இறங்கி, ஊத்துப்பாறை மலைப்பூண்டு வயல்களில் பாய்ந்தது. பூண்டுத்தாள் நுனியிலிருந்து கருகியது. குடிநீர்க் குழியும் கரித்தது. ஆக்ஸிலியா போனில் சொல்லச் சொல்ல, சுந்தரி அதை ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கேட்கவைத்தாள்.

மக்கள் படும் துயரத்தை அட்மிரலால் பொறுக்க முடியவில்லை. சில மாதங்களில் ரிசார்ட்டின் பக்கத்திலேயே, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றை நிறுவினார். மலையுச்சியில் அப்படியொரு நிலையம் வேறெங்கும் உண்டா, எனக்குத் தெரியாது. அவர் போட்ட உப்பை அதுவே எடுத்து, தண்ணீரைக் கேனில் அடைத்து, ஊத்துப்பாறைக்கு விலைக்குக் கொடுக்கும். மலைமக்களுக்குத் தண்ணீர் தந்ததற்காக எங்கள் வணிகர் சங்கம் அவருக்கு 'நீர்வள்ளல்' பட்டம் வழங்கத் தீர்மானித்தது. வாழ்த்துரை நான்.

திறப்பு விழாவுக்குச் சுந்தரியும் வந்தாள். ஆக்ஸிலியாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதிகாரி மேடையில் இருந்தார். பயனாளி சார்பாக ஆக்ஸிலியாவை மேடைக்கு அழைத்து, முதல் டம்ளர் தண்ணீரைக் கொடுத்தார்கள். புகைப்படக்காரருக்காக அவள் இரண்டு முறை குடித்தாள்.

"எப்படிம்மா இருக்கு? மைக்கில சொல்லு" என்றார் அட்மிரல்.

"எங்க ஊத்துத்தண்ணி மாதிரியே இருக்குங்க சார்."

"கேட்டீங்களா!" என்று அட்மிரல் பூரித்துப்போனார். சபை கைதட்டியது. ஊத்துப்பாறைக்காரர்கள் இருந்த பக்கத்திலிருந்து மட்டும் சத்தமே வரவில்லை.

அடுத்து என்னை அழைத்தார்கள். சங்கத்துக்காரர்கள் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். சுந்தரி சிரிக்கவில்லை. நான் மைக்கைப் பிடித்தேன்.

"பெரியோர்களே! அட்மிரல் அவர்களின் பெருமையை ஒரே வரியில் சொல்லி அமர்கிறேன். இந்த மலையில் இத்தனை காலம் தண்ணீர் இருந்ததற்கு ஒரே காரணம், இவர் பிறக்கத் தாமதமானதுதான்."