பெண் பார்க்கப் போன இடத்தில் பிரிக் கேம்

தொண்ணூறுகளில் வளர்ந்த பையன்களுக்குக் கல்யாணம் ஆகாது என்று ஊரே சிரிக்கிறது. செல்போனைத் திறந்தால் அதே கேலிதான். வேலை சரியில்லை, சொந்த வீடு இல்லை, ஜாதகத்தில் கோளாறு என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எனக்குக் கோளாறு ஜாதகத்தில் இல்லை, கையில் இருந்தது. சும்மா இருக்கத் தெரியாத கை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் குழாய் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. எந்தக் குழாயில் விரிசல், எதில் நெளிசல் என்று பார்த்து ஓரங்கட்டுவதுதான் என் பொழப்பு. மயிரிழை விரிசல்கூட என் கண்ணுக்குத் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்லுவார். (அப்பேர்ப்பட்ட கண்ணு, எதிரில் வந்து நின்ற பொண்ணைப் பார்க்கவில்லை. அந்தக் கண்றாவியைத்தான் சொல்ல வந்தேன்.)

எளாவூரில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பம்பரம், ட்ரம்ப் கார்டு, பபிள்கம்மோடு கொடுத்த ஸ்டிக்கர், பட்டனை அமுக்கினால் தண்ணீருக்குள் வளையம் மிதந்துபோய்க் கம்பியில் மாட்டுகிற பொம்மை எல்லாம் அதில் பத்திரம். யார் கேட்டாலும் தர மாட்டேன். யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். அந்தக் காலத்து டிவியைப் பற்றி யாராவது வாயெடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எதற்குப் பின்னால் எது வரும், ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினால் புள்ளி போகும், விளம்பரம் முடிவதற்குள் எப்படிக் குளித்துவிட்டு ஓடி வருவது என்று மூச்சு விடாமல் சொல்லுவேன். திருவள்ளூரில் பார்த்த ஒரு பெண், "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாள். நான் சொல்லி முடித்தபோது காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து போனே வரவில்லை.

அதனால் ஊத்துக்கோட்டைக்குக் கிளம்பும்போதே அம்மா வாசலில் மடக்கினாள்.

"தோ பாரு பாபு. இதுவும் போச்சுன்னா நான் யார் மூஞ்சிலயும் முழிக்க முடியாது. அங்க போயி டிவி, பொம்மைன்னு ஒரு வார்த்த வந்துச்சு, பஸ் ஸ்டாண்டுலயே குந்திக்குவேன். வாய மூடிக்கினு இரு."

"அவன இன்னாத்துக்குச் சொல்ற, டிவி வாங்கிக் குடுத்தது நான்தான?" என்றார் நைனா.

"ஆமா, உங்களத்தான் சொல்லணும்" என்றாள் அம்மா.

வாயை மூடிக்கொண்டு இருப்பதாக வாக்குக் கொடுத்தேன். கடைசிவரை காப்பாற்றவும் செய்தேன். வாயால் ஒரு தப்பும் நடக்கவில்லை.

பெண்ணின் அப்பாவுக்கு ஊத்துக்கோட்டை பஜாரில் உரக்கடை. பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். ஒரே பெண், பெயர் கல்பனா, டீச்சர் வேலை. எங்களை சோபாவில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் இடுப்பில் ஏதோ குத்தியது. திண்டுக்குப் பின்னால் கைவிட்டு எடுத்தேன். பிரிக் கேம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. மேலிருந்து கட்டைகள் இறங்கும், திருப்பித் திருப்பி அடுக்கினால் வரிசை நிரம்பி மறையும். அவ்வளவுதான். ஆனால் எங்கள் வகுப்பில் ஒருத்தனிடம் மட்டும் அது இருந்தது, அவனுக்கு நாங்கள் பண்ணிய சேவகம் கொஞ்சநஞ்சமில்லை. அவன் பையைத் தூக்குவோம், வீட்டுப்பாடம் எழுதுவோம், அவன் அடித்தால் வாங்கிக்கொள்வோம். எல்லாம் ஒரே ஒரு ஆட்டத்துக்காக. நைனாவிடம் கேட்டால் கண்ணு கெட்டுடும் என்பார். (சொன்னவர் டிவிக்கு முன்னால் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பார்.) அந்த ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீராத ஏக்கம் இப்போது மடியில் கிடக்கிறது. பேட்டரி மூடி உடைந்து ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். அதாவது யாரோ இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

சும்மா ஆன் மட்டும் பண்ணிப் பார்க்கலாம் என்றுதான் அமுக்கினேன். டொய்ங் என்று பாட்டு வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். நான் பலமாக இருமினேன். அம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். சத்தத்தை அமத்தி, திண்டை மடியில் வைத்து, அதன் மறைவில் ஒரு ஆட்டம் தொடங்கினேன். ஒன்றே ஒன்று.

பெரியவர்கள் நெல் விலை, ரோடு அகலப்படுத்துவது, மண்டப வாடகை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே "இன்னா தம்பி சொல்றீங்க?" என்பார் மீசைக்காரர். நான் "ஆமா மாமா" என்பேன். எதற்கு ஆமா போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. திரையின் மூலையில் பழைய ரெக்கார்டு ஒன்று இருந்தது. நான் அதை நெருங்கிக்கொண்டிருந்தேன். கை தன்னால் போகிறது. இடது ஓரத்தில் ஒரு சந்து விட்டு வைத்திருந்தேன், நீளக் கட்டை ஒன்று வந்து அதில் இறங்கினால் ரெக்கார்டு என்னுடையது.

அந்த நேரத்தில் பச்சைப் புடவைக் கரை ஒன்று எதிரில் வந்து நின்றது. வளையல் போட்ட கை, தட்டு, காபி வாசனை.

"காபி எடுத்துக்கங்க."

"அப்பிடி வெச்சிருங்க" என்றேன்.

டீக்கடைப் பையனிடம் சொல்கிற மாதிரி. தலையைக்கூடத் தூக்கவில்லை. நீளக் கட்டை வந்தது, இறங்கியது, ரெக்கார்டு உடைந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. நிமிர்ந்தேன். காபி மட்டும் இருந்தது, கல்பனா இல்லை.

"இன்னா தம்பி, பொண்ணு புடிச்சிருக்கா?" என்றார் மீசைக்காரர்.

பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அம்மா கண்ணில் தண்ணீர் நின்றது. "புடிச்சிருக்கு மாமா" என்றேன். அம்மா உடனே சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பெண்ணும் பையனும் தனியாகக் கொஞ்சம் பேசட்டும் என்று என்னை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. படியேறி ஒரு பச்சைப் புடவை வந்தது. வயசு கொஞ்சம் கூடத் தெரிகிறதே என்று நினைத்தேன். எனக்கு மட்டும் என்ன, பதினாறா என்று தேற்றிக்கொண்டேன். இந்தச் சம்பந்தத்தையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"உங்களப் பாத்தவொடனே எனக்குப் புடிச்சிப்போச்சுங்க" என்றேன். "அந்த முகம் அப்பிடியே மனசுல நின்னுடுச்சு."

அந்த அம்மாள் ஒரு பெட்ஷீட்டை உருவி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தம்பி, நான் பொண்ணோட சித்தி. துணி எடுக்க வந்தேன்."

அவருக்குப் பின்னால், கடைசிப் படியில், இன்னொரு பச்சைப் புடவை நின்றது. அதுதான் கல்பனா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். சித்தி துணியைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி ஓடினார். கீழே போய்ச் சேருவதற்குள்ளேயே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

கல்பனா சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை.

"காலைலேர்ந்து பயந்துக்கினே இருந்தேங்க. புடவைய மாத்தி மாத்திக் கட்டுனேன். காபி சிந்திடப் போவுதுன்னு சித்திதான் கிச்சன்லேர்ந்து ஹால் வாசப்படி வரைக்கும் தட்டப் புடிச்சிக்கினு வந்தாங்க. ஒரு தடவ தலையத் தூக்கிப் பாத்திருக்கலாம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது. அதுவரை பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். "சாரிங்க. தப்புதான். நான் பொறுக்கிலாம் இல்லீங்க" என்றேன்.

"தெரியுது. நல்ல மனுஷன்தான். ஆனா எனக்கு வேணாம்" என்றாள்.

அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என்னை விட்டுத் தள்ளி வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நைனா மட்டும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊத்துக்கோட்டையிலிருந்து போன் வந்தது. அம்மா ஓடிப்போய்க் கற்பூரம் ஏற்றினாள்.

"தம்பி, நான் கல்பனா அப்பா. பொண்ணு விஷயமா இல்ல. அது முடிஞ்சிபோன கதை. அந்த கேம்ல ரெக்கார்டு ஏறிக் கெடக்குது. நீதான?"

"ஆமா மாமா."

"கடையில மத்தியானம் ஆளு வரமாட்டான். பாப்பா சின்னதுல ஆடுனது அது, அவ தூக்கிப் போட்டப்புறம் நான்தான் ஆடறேன். இத்தினி வருஷமா அந்தப் பக்கமே போக முடியலய்யா. எப்பிடிப் பண்ண?"

"எடது ஓரத்துல ஒரு சந்து வுடுங்க மாமா. நீளக் கட்ட வர்ற வரைக்கும் அதத் தொடாதீங்க."

கற்பூரம் அணைந்துவிட்டது. நாங்கள் பேசி முடிக்கவில்லை.

அதிலிருந்து வாராவாரம் போன். அப்புறம் நேரில். உரம் இறக்க லாரியோடு எளாவூர் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் சாப்பாடு. பரண் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிடுவோம். கல்பனா கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டு, பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பெண்ணுக்கு என் மேல் வருத்தமில்லை. போட்டோவுக்கு நின்றபோது, "நிமிந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

திருவாலங்காட்டில் மல்லிகாவைப் பெண் பார்க்கப் போனபோது எங்கள் பக்கத்துப் பெரியவராக மீசைக்காரரே வந்தார். படியேறுவதற்கு முன்னால் என் பாக்கெட்டையெல்லாம் தடவிப் போனைப் பிடுங்கிக்கொண்டார். காபித் தட்டு வந்ததும் பின்னாலிருந்து முதுகில் குத்தி, "தலையத் தூக்குய்யா" என்றார். தூக்கினேன். தூக்கிய தலையை இறக்கவே இல்லை, வெறிக்க வெறிக்கப் பார்த்துக்கினே இருந்தீங்க என்று மல்லிகா இப்போதும் சொல்லிக் காட்டுவாள்.

தலை தீபாவளிக்குத் திருவாலங்காட்டு மாமனார் முறையாக வந்து அழைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே ஊத்துக்கோட்டைக்காரர் தாம்பாளத்தோடு வந்து நின்றார். எனக்கு வேட்டி சட்டை, மல்லிகாவுக்குப் புடவை, ஸ்வீட் பாக்ஸ்.

"இன்னா மாமா இது, உங்க மாப்பிள்ளை பெங்களூருல இருக்காருல்ல?" என்றேன்.

"அவரு நல்லவருதான். ஆனா கட்டையத் திருப்பத் தெரியல" என்றார்.

அம்மா தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். மல்லிகா புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இன்னாங்க, காலைல எந்த மாமனார் ஊடு, மத்தியானம் எந்த மாமனார் ஊடு? அத மட்டும் சொல்லிடுங்க."