அப்புக்காத்தின் வேள்விக்கிடாய்

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் ஆடு, மாடு, நாய், கோழிகளுக்காக வழக்காட ஒரே ஒரு அப்புக்காத்துத்தான் இருந்தார். மனிதருக்கு வழக்காடக் கறுப்புக் கோட்டுப் போட்ட அப்புக்காத்துமார் பட்டணத்தில் நிறையப் பேர். நம்மவருக்கோ மேலில் ஒரு சட்டைகூட இல்லை. பண்டத்தரிப்புப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் இருந்து சுருட்டுச் சுற்றியவர். ஊர் வைத்த பட்டம்தான் அப்புக்காத்து. எடுத்த வழக்கு ஒன்றிலாவது அவர் வென்றதாகச் சரித்திரம் இல்லை.

நான் அந்தக் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது பசியால். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, தோணியில் சாமான் ஏற்றி, தோட்டம் கொத்தி, எதிலும் நிலைக்காமல் திரிந்தவன். சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்குக் கை ஓயாது. காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குப் பத்திரிகை வாசிக்க ஓர் ஆளை வைத்துக்கொள்வார்கள். எனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்ததால் வேலை கிடைத்தது. படுக்கை புகையிலைச் சாக்கின்மேல். இருமல் இலவசம்.

அப்புக்காத்து சட்டம் படித்தது என் வாயால்தான். ஒருநாள் கொலை வழக்கொன்றை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"பொறு தம்பி. அந்த வீட்டிலை நாய் நிண்டதோ?"

"நிண்டதாம் அண்ணை."

"அதை விசாரிச்சவங்களோ?"

"நாயை எப்பிடி அண்ணை விசாரிக்கிறது?"

"வாலைப் பாத்தாத் தெரியாதோ? உதெல்லாம் ஒரு விசாரணை!" என்று சுருட்டின் நுனியைக் கடித்துத் துப்பினார்.

பக்கத்துத் தோட்டத்தில் யாருடையதோ ஓர் ஆடு கத்தரியை மேய்ந்துவிட்டது. தோட்டக்காரர் கல்லை எடுத்தார். அப்புக்காத்து நடுவில் புகுந்தார்.

"வேலியிலை ஓட்டை விட்டது ஆர்?"

"நான்தான். அதுக்கென்ன?"

"ஓட்டைக்கு நேரை கத்தரி நட்டது ஆர்?"

"நான்தான்!"

"வாசலைத் திறந்து, சாப்பாட்டையும் போட்டு வைச்சிட்டு, வந்த விருந்தாளிக்குக் கல்லெறியிறீரோ?"

முதல் கல் ஆட்டுக்குப் போனது. இரண்டாவது அப்புக்காத்துக்கு.

இன்னொரு நாள் வண்டில்காரன் ஒருவன் துவரங்கம்பால் மாட்டை விளாசிக்கொண்டு போனான். இவர் குறுக்கே பாய்ந்ததில் அடுத்த அடி இவர் முதுகில் விழுந்தது. வண்டில்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டின் முன்னால் போய்த் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். "பாத்தியோ மோனை, உனக்கும் எனக்கும் ஒரே தழும்பு."

இப்படிப்பட்ட மனிதர் தாமாகவே போய் ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டார். அவருடைய பெண்சாதி பொன்னக்காவை நெருப்புக்காய்ச்சல் படுக்கையில் போட்டது. வைத்தியம் பார்த்த பரியாரி கையை விரித்தார். அப்புக்காத்து ஓடிப்போய் வைரவர் கோயிலில் விழுந்து, "இவளை விட்டுவிடு, வேள்வியிலை வெட்ட ஒரு கிடாய் தாறன்" என்று நேர்ந்துவிட்டார். பொன்னக்கா எழும்பிவிட்டார். ஒரு குட்டியும் வீட்டுக்கு வந்தது.

வேள்விக்கிடாயை எங்கள் ஊரில் மாப்பிள்ளை மாதிரித்தான் வளர்ப்பார்கள். பலாக்குழை, முள்முருக்கங்குழை, புண்ணாக்கு, கஞ்சி. பொன்னக்கா தான் குடிக்குமுன் அதற்குக் கஞ்சி வைப்பார். வளர்ந்த தாடியைப் பார்த்து, கோட்டில் தீர்ப்புச் சொல்கிறவர் மாதிரி இருக்கிறதென்று அப்புக்காத்து அதற்கு 'நீதவான்' என்று பெயர் வைத்தார். அதுவும் அவர் சொல்வதையெல்லாம் அசைபோட்டபடி கேட்டிருந்து, தீர்ப்பு எதுவும் சொல்லாமல் எழுந்து போகும்.

வேள்வி நெருங்க நெருங்க மனிதர் இளைத்தார். கொட்டிலில் கொலை வழக்கு வாசித்தாலும் கேள்வி இல்லை. நேர்த்திக்கடனை முறித்தால் காய்ச்சல் திரும்பி வந்து பொன்னக்காவைக் கொண்டுபோய்விடும். அதை அவரும் நம்பினார், பொன்னக்காவும் நம்பினார், ஊரும் நம்பியது. முறிக்காவிட்டால் நீதவான் போய்விடும்.

ஒரு விடியற்காலை கிணற்றடிக்குப் போனேன். அப்புக்காத்து வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி நீதவானின் முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, ஆட்டுக்குக் கோயில் குளிப்போ?"

அவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் காதுக்குள் சொன்னார். "வைரவற்றை சட்டம் என்ன? தீர்த்தம் தெளிச்சால் கிடாய் உடம்பை உதறவேணும். உதறினால்தான் சாமி சம்மதம், வெட்டலாம். மூண்டுதரம் தெளிச்சும் உதறாட்டில்?"

"வெட்டக்கூடாது."

"வெட்டக்கூடாது! நேர்த்தியும் குடுத்ததாச்சு. வேண்டாமெண்டது அவர். நான் சட்டத்தை மீறேல்லை தம்பி. நாள் தவறாமல் குளிச்சு ஆட்டுக்குக் குளிர் விட்டுப்போச்சு, அவ்வளவுதான். வாயைத் திறந்தியோ, கொலைதான் விழும்."

நான் திறக்கவில்லை. சாமியை ஏய்த்தவன் என்று ஊருக்குத் தெரிந்தால் ஆட்டுக்கு முன்னால் இவரைத்தான் வெட்டுவார்கள்.

வேள்வி நாள் வந்தது. பறை காதைப் பிளந்தது. மணலில் இரத்த வாடை. வரிசையில் நின்ற கிடாய்கள் தண்ணீர் பட்டதும் உதறின, கத்தி இறங்கியது. ஒவ்வொன்று விழும்போதும் அடுத்து நின்றது கயிற்றை இழுத்துக் கத்தியது. கடைசியாக நீதவான். கழுத்தில் மாலை. கயிறு அப்புக்காத்தின் கையில். பெண்கள் பக்கத்தில் பொன்னக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்.

பூசாரியார் தெளித்தார். நீதவான் அசைபோட்டது.

இரண்டாம் முறை செம்போடு ஊற்றினார். நீதவான் கண்ணை மூடி அனுபவித்தது. சனம் முணுமுணுத்தது. அப்புக்காத்தின் முழங்கால்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன.

"கிடாய் உதறேல்லை, அப்புக்காத்தெல்லோ உதறுறான்! இப்ப ஆரை வெட்டிறது?" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது. கத்தி வைத்திருந்தவர் சிரிக்கவில்லை.

"பூசாரியார், காதுக்குள்ளை ஊத்துங்கோ! எந்தக் கிடாயும் உதறும்!" என்றது இன்னொரு குரல்.

பூசாரியார் செம்பை நீதவானின் காதருகே கொண்டுபோனார். காதுக்குள் ஊற்றுவதற்கு எந்தப் பயிற்சியும் நடக்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ!" அப்புக்காத்தின் குரல் கிறீச்சிட்டது. "வழமையிலை காது இல்லை! தலையும் முதுகும்தான். காதுக்குள்ளை ஊத்தி உதறப்பண்ணினால், அது பொலிசுக்காரன் அடிச்சு வாங்கின வாக்குமூலம் மாதிரி. எங்கடை வைரவர் அடிச்சு வாங்கிறவரோ? சொல்லுங்கோ, ஆர் அப்பிடிச் சொல்லுறியள்?"

பறை நின்றது. வைரவரை அப்படிச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. பூசாரியார் செம்பைத் தாழ்த்தி, மூன்றாம் முறை முதுகில் கவிழ்த்தார்.

அந்த நேரம் பார்த்து இலையான் ஈ ஒன்று வந்து நீதவானின் காதில் குந்தியது. காது துடித்தது. கழுத்து மயிர் எழும்பியது. அப்புக்காத்து கையை உயர்த்தி விரட்ட முடியாது, ஊரே பார்க்கிறது. உதட்டைக் குவித்து மெல்ல ஊதினார். இலையான் நகரவில்லை. கண்ணால் நீர் வழிய மறுபடி ஊதினார். நீதவான் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. பிறகு தன் நெற்றியைக் கொண்டுபோய் நடுங்குகிற முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டது. இலையான் பறந்தது.

"வைரவருக்கு வேண்டாமாம்," என்றார் பூசாரியார். "இனி இது வைரவற்றை ஆடு. வெட்டவும் கூடாது, விக்கவும் கூடாது. கொண்டுபோ."

ஒழுங்கையில் நாங்கள் மூவரும் ஆடுமாக நடந்தோம். பொன்னக்கா விம்மினார்.

"பயப்பிடாதையும் பொன்னு," என்று அப்புக்காத்து தடுமாறினார். "உமக்கு ஒண்டும் வராது. அது தானா உதறேல்லை... நான்தான் ஒவ்வொரு நாளும் விடியக்காலமை தண்ணி வாத்து..."

"இஞ்சாருங்கோ, நீங்களுமோ?" பொன்னக்கா நின்றுவிட்டார். "நீங்கள் கொட்டிலுக்குப் போன பிறகு மத்தியானத்திலை நானெல்லோ வாத்தனான்!"

"உமக்குக் காய்ச்சல் திரும்பினால் எண்டு யோசிக்கேல்லையோ?"

"யோசிச்சனான். வந்தால் வரட்டும் எண்டுதான் வாத்தனான். கஞ்சி குடிக்கேக்கை அது என்ரை முகத்தைப் பாக்கும். அதுக்குப் பிறகு என்னெண்டு குடுக்கிறது?"

ஊரிலுள்ள உயிர்களுக்கெல்லாம் வாதாடியவர் பொன்னக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவென்றும் பாராமல் நின்றார்.

அப்போது வயல்வெளியிலிருந்து குளிர்காற்று ஒன்று அடித்தது. நீதவான் தலையிலிருந்து வால்வரை உடம்பைச் சிலிர்த்து ஓர் உதறு உதறியது. எங்கள் மூவர்மேலும் தண்ணீர் தெறித்தது.

அப்புக்காத்து கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ ஏதும் கண்டனியோ?"

"நான் ஒண்டும் காணேல்லை அண்ணை," என்றேன், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

போன இடமெல்லாம் வயிற்றுக்காகப் பொய் சொன்னவன் நான். மனம் நிறைந்து சொன்னது அந்த ஒன்றைத்தான்.