முனைவரும் முனைவோரும்

பேராசிரியருக்கு அந்த வாரம் கால் தரையில் பாவவில்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணம் எதனால் வருகிறது என்று அவர் எழுதிய ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகமே பாராட்டியிருந்தது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, கண்ணெதிரே தொழில் செய்யும் ஒருவர், தட்டிக்கொடுக்கும் குடும்பம். இவை இருந்தால் எண்ணம் தானாக முளைக்கும் என்று மேடைக்கு மேடை முழங்கினார். கேட்ட பிள்ளைகளுக்கு நரம்பெல்லாம் முறுக்கேறியது.

முறுக்கேறியவர்களில் அவருடைய மகளும் ஒருத்தி. கடைசி ஆண்டு மாணவி. ஒரு நாள் சாப்பிடும்போது மெல்ல விஷயத்தை உடைத்தாள். நேர்காணலுக்குப் போகும் மாணவர்கள் பலரிடம் உருப்படியான உடுப்பு கிடையாது. பழைய கோட்டுகளை அளவாகத் திருத்தி, தேய்த்து, அவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறாளாம்.

பேராசிரியருக்குப் புரையேறியது. மனைவி தண்ணீரை நகர்த்திவிட்டுக் கேட்டாள்.

"தலையில தட்டவா, முதுகில தட்டிக்கொடுக்கவா? குடும்பம் தட்டிக்கொடுக்கணும்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்றீங்க."

"நான் சொன்னது அடுத்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு" என்றார்.

கை கழுவுவதற்குள் திட்டம் தயாராகிவிட்டது. எண்ணம் எப்படி முளைக்கிறது என்று தெரிந்தவருக்கு, அதை எப்படிக் கிள்ளுவது என்று தெரியாதா? முதலில் மனைவியைத் தனியே அழைத்தார். மகளைத் தட்டிக்கொடுக்கவே கூடாது, நல்ல வேலை ஒன்றில் சேரச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவள் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதே இல்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

அடுத்து, கண்ணெதிரே ஓர் ஆள் வேண்டும். அதற்கும் ஒருவரை வைத்திருந்தார். அவருடைய பள்ளித் தோழர். தொட்ட தொழிலெல்லாம் படுத்துக்கொண்ட மனிதர். அச்சகம் வைத்தார், மூடினார். கோழிப்பண்ணை வைத்தார், மூடும் வேலையைக் கோழிகளே பார்த்துக்கொண்டன. கடைசியாகத் துணிக்கடை, அதற்கும் பூட்டு. இவரைப் பார்த்தால் எந்த ஆசையும் அடங்கிவிடும் என்று மகளை அனுப்பிவைத்தார். துணைக்கு மனைவியும் போனாள். எங்கே சறுக்கினார், எதில் அவசரப்பட்டார் என்று தோழர் ஒளிவுமறைவில்லாமல் கொட்டித் தீர்த்தாராம். தாயும் மகளும் வாயைத் திறக்காமல் வீடு திரும்பினார்கள்.

சில நாளில் மகளே வந்து சொன்னாள்.

"அப்பா, நான் தொழில் தொடங்கலை. வேலைக்குப் போறேன். வேலையும் கிடைச்சாச்சு."

"நல்ல இடமாம்மா?"

"ரொம்ப நல்ல இடம்ப்பா. முதலாளி மட்டும் கொஞ்சம் கண்டிப்பு."

"கண்டிப்பு இருந்தாத்தான் உருப்படலாம்" என்றார் பேராசிரியர். மறுநாள் துறை முழுக்க இனிப்பு. எண்ணத்தை உண்டாக்கவும் தெரியும், கலைக்கவும் தெரியும் என்று சக ஆசிரியர்களிடம் மார்தட்டிக்கொண்டார்.

வளாகத்தில் நேர்காணல் நடந்த அன்று அவர் தாழ்வாரத்தில் உலாவிக்கொண்டிருந்தார். அங்கே நேர்காணலை முடித்துவிட்டு, முடிவுக்காக அவருடைய கடைசி பெஞ்சு மாணவன் நின்றிருந்தான். வகுப்பில் வாயே திறக்காதவன். கேள்வி கேட்டால் கூனிக் குறுகி எழுபவன். அன்று நிமிர்ந்து நின்று நாலு பேரிடம் கணீரென்று பேசிக்கொண்டிருந்தான். கோட்டு அவனுக்கென்றே தைத்ததுபோல் இருந்தது. மெச்சிக்கொண்டே கிட்டே போனவர், பை ஓரத்தில் இருந்த மைக்கறையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அந்தக் கறை அவர் பேனா வைத்த கறை. கோட்டும் அவருடையதுதான்.

எங்கே வாங்கினான் என்று விசாரித்தார்.

"வாடகைக்கு எடுத்தேன் சார். உங்க வீட்டிலதான்."

அவர் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினார். அவர் எட்டியே பார்க்காத பின்னறையில் கம்பி கட்டி வரிசையாகக் கோட்டுகள் தொங்கின. மூடிய துணிக்கடையின் ஆளுயரக் கண்ணாடி சுவரில் சாய்ந்திருந்தது. பள்ளித் தோழர் இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்றார். மகள் கழுத்தில் அளவு நாடா. நடுவில் மனைவி, வாயில் குண்டூசியோடு.

"வேலைக்குப் போறேன்னு சொன்னியே?" என்றார் மகளிடம்.

"இதுதான்ப்பா வேலை. முதலாளி அம்மாதான்."

மனைவி குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள். "நீங்க சொன்னபடி நான் இவளைத் தட்டிக்கொடுக்கலை. வேலையில சேரச் சொன்னேன், சேர்ந்துட்டா. உங்க நண்பர் எங்கெல்லாம் விழுந்தாரோ, அங்கெல்லாம் நாங்க சுத்திப் போயிடறோம்."

"உனக்கு எப்படி இந்த எண்ணம் வந்துச்சு?"

"எழுதினதையெல்லாம் எனக்குத்தானே படிச்சுக் காட்டினீங்க? மாணவங்களுக்கு மட்டும்தான் எண்ணம் வருமா? நீங்க முனைவர், நான் தொழில்முனைவோர். எழுத்துல எனக்கு இரட்டைக் கொம்பும் ஒரு காலும் கூடுதல். சொந்தக் கால்ல நிக்கறேன்ல."

அந்த நேரம் பார்த்து அந்தக் கடைசி பெஞ்சு மாணவன் உள்ளே வந்தான். கோட்டைப் பூப்போல மடித்துக் கையில் ஏந்தியிருந்தான். வேலை கிடைத்துவிட்டதாம். கண்ணாடியில் பார்த்தபோது யாரோ பெரிய மனிதன் என்று நினைத்தானாம். அந்த மனிதனைப் போலவே உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தானாம். மனைவி கோட்டை வாங்கி, தோள்பட்டைத் தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "வேலைக்குச் சேர்ற அன்னிக்கும் இதையே எடுத்துக்கோப்பா" என்றாள்.

பக்கம் பக்கமாகப் பேராசிரியர் எழுதிய நம்பிக்கையை இவள் ஊசியும் நூலும் வைத்துத் தைத்துப் போட்டிருந்தாள். இவள் என் மனைவி என்று தெருவுக்குப் போய்க் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அருகில் போய் மெதுவாக, தனக்கும் இதில் ஏதாவது ஒரு பொறுப்பு தரக்கூடாதா என்று கேட்டார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாளைக்கு நேர்காணலுக்கு வாங்க. கோட்டு இல்லேன்னா வாடகைக்குத் தரோம்."