நாற்பதாவது குடம்

"மாயா, நீயே சொல்லு. நாப்பதாவது யாரு? நானா, உங்கம்மாவா?"

மஞ்சள் குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பூவம்மா வழியை மறித்தாள். போட்டிக்கு மாயா பிடிக்கவேண்டிய ராயபுரம் பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான்.

வியாசர்பாடி பிளாக்கில் ஐம்பத்திரண்டு வீடு. சீட்டுக்கட்டிலும் ஐம்பத்திரண்டு. தினமும் காலை ஆறு மணிக்குக் குடவரிசையை ஒரு நோட்டம் விடுவாள் மாயா. தண்ணீர் லாரி வந்து அடிதடியில் வரிசை கலைந்தால், அவள் சொல்வதுதான் தீர்ப்பு. அதே வரிசையை மனசில் நிறுத்தி, குடத்துக்கு ஒரு சீட்டாகப் போட்டுத்தான் 2001-லும் 2002-லும் மாநில நினைவாற்றல் கோப்பையை ஜெயித்தாள். இரண்டு கோப்பையிலும் இப்போது தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறது. கப்பலே வந்து நிற்கிற ஊர். குடிக்கத்தான் தண்ணீர் இல்லை.

இன்று மூன்றாவது முறையும் ஜெயித்தால் டெல்லியில் தேசியப் போட்டி. தோற்றால், பிளாக்கின் முதல் பி.எஸ்சி. பட்டதாரியான அவள் திங்கட்கிழமை எண்ணூரில் இறால் உரிக்கப் போகவேண்டும்.

"சொல்லுடி! லாரிக்காரன் கெளம்பிடுவான்!"

நேற்று நாற்பதாவது குடத்தோடு லாரி காலி. இன்றும் அதே லாரி. ஆறு மணிக்கு மாயா கண்ணால் பார்த்தது, முதலில் மஞ்சள். அதற்குப் பின்னால்தான் அம்மாவின் நீலம்.

அம்மா ரமாபாய் நீலக் குடத்தின் கழுத்தைப் பிடித்தபடி நின்றாள். மகளைப் பார்த்தாள். மூன்று நாளாகக் குளிக்காதவளின் பார்வை அது.

"அம்மாதான் முன்னாடி."

பூவம்மா கத்தியிருந்தால்கூடத் தேவலை. "நீ சொன்னா சரிதாம்மா" என்று ஒதுங்கிக்கொண்டாள். அதுதான் பேஜாராகப் போயிற்று.

போட்டி அரங்கில் ஐந்து நிமிஷம் கலைத்த கட்டின் சீட்டுகளை வரிசையாகக் காட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்கள். சீட்டு வந்த வரிசையை மாயா எழுத ஆரம்பித்தாள். முப்பத்தொன்பது வரை கை நிற்கவில்லை. நாற்பது, அம்மா குடம், ஆர்ட்டின் ராணி. நாற்பத்தொன்று, பூவம்மா குடம், ஸ்பேட் ஏழு.

'நீ சொன்னா சரிதாம்மா.'

பேனா நின்றது. சீட்டைப் போட்டது பொய் வரிசையிலா, மெய் வரிசையிலா?

"ரெண்டு நிமிஷம்" என்றார் நடுவர் வரதன்.

மஞ்சளை முன்னால் வைத்துப் பார்த்தாள். நீலம் முறைத்தது. நீலத்தை வைத்தாள். மஞ்சள் பரிதாபமாகப் பார்த்தது.

"முப்பது செகண்ட்."

பெத்தவளுக்காகச் சொன்ன பொய் அங்கேயே தொலையட்டும், இங்கேயாவது உள்ளதை எழுதுவோம். இரண்டையும் அடித்தாள். நாற்பது ஸ்பேட் ஏழு, நாற்பத்தொன்று ஆர்ட்டின் ராணி என்று மாற்றி எழுதினாள். மணி அடித்தது.

வரதன் தாளைத் திருத்திவிட்டு உச்சுக்கொட்டினார். "அம்பது சரி. இந்த ரெண்டுதான் எடம் மாறிப்போச்சு. நீ மொதல்ல எழுதி அடிச்சதுதாம்மா கரெக்ட்டு."

அண்ணாநகரிலிருந்து போட்டிக்கு வந்த ஒரு பையன் ஐம்பத்திரண்டும் சரியாக எழுதியிருந்தான்.

மாயா வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராகப் பூவம்மா கதவைத் தட்டினாள்.

"யக்கா, காலைல நான் சொன்னது பொய்யி. ஆறு மணிக்கு நீதான் முன்னாடி இருந்தே. அது மனசைக் குடைஞ்சு குடைஞ்சு, கோப்பையே போச்சு. போதுமா?"

பூவம்மா வாசலை எட்டிப் பார்த்தாள். மாயாவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"இன்னா கண்ணு சொல்றே? அஞ்சரைக்கு உங்கம்மா கொடத்தைப் பின்னால தள்ளிட்டு என்னுதை முன்னால வெச்சதே நான்தான். நீ கண்டுபுட்ச்சிட்டேன்னுதானே கம்முனு போனேன்!"