கிறிஸ்துமஸ் விருந்துக்கு நான் வாங்கிய ஒயின்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அது முன்பே வந்திருந்தால், கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு, சாந்தோமில் என் புகுந்த வீட்டில் மாமனாரிடம், "ஒயினை நான் பாத்துக்கறேன் மாமா, பெங்களூர்ல ரெண்டு வருஷம் இருந்திருக்கேனே" என்று சொல்லியிருக்க மாட்டேன். (அந்த இரண்டு வருஷமும் நான் குடித்தது ஃபில்டர் காபி மட்டுமே.)

அது சாதாரண விருந்தும் இல்லை. சர்ச்சில் நடந்த எங்கள் கல்யாணத்துக்கு வராத என் அப்பாவும் அம்மாவும், எட்டு மாதம் கழித்து மயிலாப்பூரிலிருந்து முதல் தடவையாக வருகிறார்கள். அவர்களுக்காக மாமியார் புதுப் பாத்திரம் வாங்கி, அதில் தனியாகச் சாம்பார் வைத்தார்.

மதுக்கடை வாசலில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அடையாறில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். பெங்களூரில் அங்கேதானே ஒயின் அடுக்கியிருப்பார்கள்! இங்கேயும் இருந்தது. நீளக் கழுத்து, தங்கக் காகிதம், திராட்சைக் கொத்துப் படம். விலை நான் பயந்ததில் பாதிகூட இல்லை. ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்தேன். (எதற்கென்று தெரியாது, முந்தின நாள் பார்த்த ஒயின் வீடியோவில் அப்படித்தான் செய்தார்கள்.) நான்கு வாங்கினேன்.

மதியம் எல்லோரும் மேஜையில் உட்கார்ந்தோம். அப்பாவின் பார்வை பாட்டிலுக்குப் போய், பிறகு என்னிடம் வந்தது.

"நீயா வாங்கினே?"

"ஆமாம்ப்பா."

அவர் பார்வையைத் தட்டுக்குத் திருப்பி, சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு வாயில் வைத்த கவளம் இறங்கவில்லை.

மாமனாரின் தம்பி சேவியர் சித்தப்பாவுக்கு மட்டும் எல்லாம் இறங்கியது. "சரக்குன்னா இது சரக்கு! நேரா மண்டைக்கு ஏறுது மருமவளே!" என்றார். மூன்றாவது கிளாஸில் நாக்குக் குழறியது. கண் பாதி மூடியது. அவரைத் தடுக்கச் சொல்லி, மேஜைக்கடியில் கணவன் ஜெரால்டின் காலை மிதித்தேன். "ஐயோ" என்றது மாமியார்.

அதற்குள் சித்தப்பா அப்பா பக்கம் திரும்பிவிட்டார்.

"இன்னா சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. பொண்ணு கல்யாணத்துக்கு ஏன் வரல நீங்க? சர்ச்சுல மொத வரிசைல ரெண்டு சீட்டு காலியாவே கெடந்துச்சு. பொண்ணு அதையே பாத்துக்கினு நின்னுச்சு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா கையைத் துடைத்துவிட்டு எழுந்தார். போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் பாட்டிலை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதன் முதுகைப் படித்தார். ஒரு எழுத்து விடாமல்.

"இதுல ஆல்கஹால் பூஜ்யம்னு போட்டிருக்கு. வெறும் திராட்சை ஜூஸ்."

சித்தப்பாவின் கண் முழுசாகத் திறந்தது.

"அப்போ நீங்க நிதானத்துலதான் கேட்டிருக்கேள்" என்றார் அப்பா.

"அது... வந்து..." சித்தப்பாவின் நாக்குக் குழறல் அந்த நொடியே சரியாகிவிட்டது. "ஆமாங்க சம்பந்தி."

"நியாயமான கேள்வி. வந்திருக்கணும். வராதது என் தப்பு." சொல்லிவிட்டு உட்கார்ந்து, டம்ளரை நீட்டினார். "எனக்கும் கொஞ்சம் விடுங்கோ."

மாமனார் ஊற்றினார். அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாதி மேஜை விரிப்புக்குப் போனது. நான் அழுதேன். (மானம் போனதற்கா, மற்றதற்கா என்று யாரும் கேட்கவில்லை.)

அன்றிலிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒயின் வாங்கும் பொறுப்பு அப்பாவுடையது. அதே கடை, அதே நான்கு பாட்டில். எங்கள் இரண்டு குடும்பத்திலும் எந்த விசேஷத்தில் சேவியர் சித்தப்பா குரலை உயர்த்தினாலும், மாமியார் சமையலறையிலிருந்தே கேட்பார்:

"பாட்டில்ல இன்னா போட்டுக்கீதுன்னு யாராச்சும் படிச்சீங்களா?"